பலகைக்கு ஒரு கரை

மதுரைச் சுங்குடிச் சேலையை விரித்துப் பார்க்கிறவருடைய கண், புள்ளிகளின் மேல் சற்று நேரம் உலவிவிட்டுக் கடைசியில் கரையில் வந்துதான் நிற்கும். கரையில் அழகும் இருக்கிறது, காரியமும் இருக்கிறது. ஊடை நூல் ஒவ்வொரு முறையும் துணியின் ஓரத்துக்கு வந்து, அங்கே திரும்பி, மறுபடி உள்ளே புகுந்து செல்வதனாலேயே சேலையின் ஓரம் பிரியாமல் நிற்கிறது. அந்தத் திருப்பத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டால், எவ்வளவு உயர்ந்த நூலில் நெய்த துணியும் இழை இழையாகக் கழன்றுபோகும். தறியில் பிறக்கும் துணிக்குத் தன் கரையைத் தானே ஆக்கிக்கொள்ளும் பாக்கியம் உண்டு. ரம்பத்தில் அறுபட்ட பலகைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அறுத்த இடத்தில் அது திறந்த வாயோடு நிற்கிறது; அந்த வாயை யாராவது மூடிவிட்டாக வேண்டும்.

அப்படி மூடுவதற்கு ஒட்டுகிற பட்டையைத் தச்சர்கள் ‘எட்ஜ் பேண்டு’ என்றும், சுருக்கமாக ‘டேப்’ என்றும் சொல்கிறார்கள். மரச் சட்டமாக இருந்தால் ‘பீடிங்’ அல்லது ‘ரீப்பர்’. சமையலறை அலமாரிக்கு நிறம் தேர்ந்தெடுக்க ஒரு மாலைப் பொழுதை முழுவதும் கடையிலே கழிக்கிற குடும்பத்தார், விளிம்பில் எது வரப்போகிறது என்ற விஷயத்தை மட்டும் தச்சருடைய சித்தத்துக்கே விட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஆனால் அலமாரி கெடத் தொடங்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

மரம் உயிரோடு நின்ற காலத்தில் வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றிய நுண்குழாய்கள், மரத்தை வெட்டிப் பலகையாக்கிய பிறகும் அப்படியே இருக்கின்றன. தேக்கு மரத்தின் குறுக்கு வெட்டை இழைப்புளியால் ஒரு முறை சீவிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், குண்டூசி முனையால் குத்தியதுபோன்ற அந்தத் துவாரங்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். பலகையின் முகத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் முத்தாக உருண்டு நிற்கும். அதே சொட்டைத் தலைவெட்டில் விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விடும். உள்ளே போன நீர் குழாய்களின் சுவரில் ஏறி, அவற்றைத் தடிக்கச் செய்கிறது. இந்தத் தடிப்பு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருந்திருந்தால் தச்சுத் தொழிலின் தொல்லைகளில் பாதி இல்லாமலே போயிருக்கும். பச்சைத் தேக்கு முழுவதும் உலரும்போது வளையங்களின் போக்கில் ஐந்தாறு சதவீதம் சுருங்குகிறது. மையத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிய திசையில் அதில் பாதிக்கும் குறைவு. நீளவாக்கிலோ கணக்கில் எடுக்கத் தகாத அற்பம்.

மதுரைச் சமவெளியின் சீதோஷ்ணம் இந்தக் குணத்தைச் சோதிப்பதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. சித்திரை வைகாசியில், வைகை மணல் கொதிக்கிற நாட்களில், பகற்காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அந்தக் காற்றில் கிடக்கும் மரம் தன் எடையில் ஏழெட்டு சதவீத நீரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும்போது, அதே மரம் பதினாறு சதவீதம் வரையில் நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓர் அடி அகலமுள்ள தேக்குப் பலகை இந்த இரண்டு பருவங்களுக்கிடையே நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்து சுருங்க இடமுண்டு. கோடையில் சுகமாகத் திறந்து மூடிய ஜன்னல் கதவு தீபாவளி சமயத்தில் பிடிவாதம் பண்ணுவதற்கு வேறு மந்திரம் ஒன்றும் காரணமில்லை.

நம் பழைய ஆசாரிகள் இதை எண்களால் அறிந்திருக்கவில்லை, கையால் அறிந்திருந்தார்கள். காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கில் செய்த கதவுகளைக் கவனித்தால், நடுவில் உள்ள பலகைகள் நான்கு பக்கச் சட்டங்களில் தோண்டிய காடிக்குள், ஆணியும் பசையும் இன்றி, வெறுமனே சொருகி நிற்பதைக் காணலாம். பலகையின் விளிம்பு நான்கும் காடிக்குள் மறைந்துவிடுகின்றன. விரிவதற்கும் சுருங்குவதற்கும் உள்ளே இடம் இருக்கிறது. சட்டங்களின் தலைவெட்டுகளோ கழுந்துகளாகித் துளைகளுக்குள் புகுந்துகொள்கின்றன. வெளியே நிற்கிறவனுக்கு மரத்தின் முகம் மட்டுமே தெரியும், அதன் வாய் எங்கும் தெரியாது.

இன்னொன்று, நான் சிறு வயதில் சோழவந்தான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நேரிலேயே பார்த்தது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றும் நாள் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் திருவிழா நாள். வறட்டிகளை வட்டமாக அடுக்கி, நடுவே இரும்பு வளையத்தைக் கிடத்தித் தீ மூட்டிவிட்டு, அது செந்நிறமாகும் வரையில் கொல்லர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பிறகு இரண்டு மூன்று பேர் குறடுகளால் வளையத்தைத் தூக்கி மரச் சக்கரத்தின் மேல் இறக்கிச் சம்மட்டியால் தட்டுவார்கள். மரம் புகைந்து கருகும் வாசனை கிளம்பும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதும் சக்கரத்தின் மூட்டுகளெல்லாம் ‘கிறீச், கிறீச்’ என்று கத்திக்கொண்டு இறுகும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள பட்டாவின் சுற்றளவு சுமார் 4.7 மீட்டர். ஐந்நூறு டிகிரி சூடேறினால் இரும்பு அந்த நீளத்துக்கு ஏறக்குறைய 28 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலேயே, நீண்டுவிடுகிறது. குளிரும்போது திரும்பி வரும் அந்த ஓர் அங்குலந்தான் சக்கரத்தை ஆயுள் முழுவதும் கட்டிப் பிடிக்கிறது. பசையே இல்லாத அந்த வேலையை எட்ஜ் பேண்டிங்கின் மூதாதை என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

இக்காலத்து அலமாரிகள் தேக்குப் பலகையால் ஆனவை அல்ல. பெரும்பாவூரிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வரும் பிளைவுட், அல்லது மரச் சிராய்களைப் பசையோடு கலந்து அழுத்திய பார்ட்டிகிள் போர்டு, அல்லது மரத்தைப் பஞ்சுபோல் நாராக்கி இறுக்கிய எம்.டி.எஃப். இவற்றுள் பிளைவுட் ஓரளவு கௌரவமாக நடந்துகொள்ளும். ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தாள்கள் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால், பலகை விரிவதில்லை, விளிம்பு மட்டும் ஈரம் குடிக்கும். பார்ட்டிகிள் போர்டின் சங்கதி வேறு. அதைச் செய்யும்போது சூடான இரும்புத் தகடுகளுக்கிடையே வைத்து நசுக்குகிறார்கள். தகட்டைத் தொடும் மேல்முகமும் கீழ்முகமும் நன்றாக இறுகிவிடுகின்றன, நடுப்பகுதி மட்டும் ஒப்பளவில் நெகிழ்ந்தே நிற்கிறது. பலகையை அறுத்தவுடன் அந்த நெகிழ்ந்த நடுப்பகுதி வெளியே தெரியும். ரொட்டித் துண்டின் பக்கவாட்டைப் பார்ப்பதுபோல இருக்கும்.

வாசகர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தச்சர் கழித்துப் போட்ட துண்டு ஒன்றை, இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டியதாகவே பார்த்து எடுத்து, ஒரு கிண்ணத்தில் இரண்டு விரற்கடை உயரம் தண்ணீர் ஊற்றி அதில் செங்குத்தாக நிறுத்தி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் தண்ணீருக்குள் இருந்த பாகம் காளான்போல் தலை விரித்திருக்கும். அதை ஒரு வாரம் வெயிலில் காயவைத்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. இதற்கு இரண்டு காரணங்கள். ஆலையில் நசுக்கப்பட்ட சிராய்கள், நீர் கிடைத்தவுடன் தங்கள் பழைய உருவத்தை நோக்கித் துள்ளி எழுகின்றன என்பது ஒன்று. அவற்றைப் பிணைத்திருந்த யூரியா-பார்மால்டிஹைடு பசையின் சங்கிலிகளையே நீர் சிறிது சிறிதாக அறுத்துவிடுகிறது என்பது மற்றொன்று. இந்தப் பசையிலிருந்து மெல்லக் கசியும் பார்மால்டிஹைடு வாயுவைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வஸ்து என்று 2004-ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதை வகைப்படுத்தியது. இறுகிய முகங்களைக் காட்டிலும் திறந்த விளிம்புகள் வழியாகவே அது தாராளமாக வெளியேறுகிறது. ஆகவே விளிம்பை மூடுவதில் தண்ணீரை உள்ளே விடாத லாபமும் வாயுவை வெளியே விடாத லாபமும் சேர்ந்தே இருக்கின்றன.

சரி, எதைக் கொண்டு மூடுவது? கடையில் சுருள் சுருளாகத் தொங்குகிறவற்றில் பெரும்பாலானவை பி.வி.சி. ஜெர்மானிய ரசாயன அறிஞர் ஆய்கன் பௌமான் 1872-இல், வெயிலில் வைத்திருந்த குடுவைக்குள் வெண்ணிறத் திடப்பொருளாக இது படிந்ததைக் கண்டு எழுதினார். அப்போது அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அமெரிக்காவில் வால்டோ சீமன் என்பவர் 1926-இல் அதை இளகவைக்கும் வழியைக் கண்ட பிறகே அது உலகத்தை ஆளத் தொடங்கியது. 1960-களில் நம் மேட்டூரிலேயே அதற்கு ஆலை எழுந்துவிட்டது. அதன் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். அதற்கு மாற்றாக வருவது ஏ.பி.எஸ்.; இதில் குளோரின் இல்லை; உள்ளே நுண்ணிய ரப்பர்த் துகள்கள் விரவியிருப்பதால் அடி தாங்கும்; பி.வி.சி. சுமார் 80 டிகிரியில் இளகத் தொடங்கினால் இது நூறு டிகிரி வரையில் பொறுக்கும்.

இரண்டையும் பார்வையால் பிரித்தறிவது கடைக்காரருக்கே சிரமம். ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு துண்டுகளையும் போட்டால் இரண்டும் மூழ்கும். அதில் கல்லுப்பை மேலும் கரையாத அளவுக்குப் போட்டுக் கலக்கிவிட்டுப் பாருங்கள்: ஏ.பி.எஸ். மிதக்கும், பி.வி.சி. அடியிலேயே கிடக்கும். தண்ணீரைவிட முன்னது நூற்றுக்கு ஐந்து பங்குதான் கனம். பின்னது நாற்பது பங்கு. உப்பு முழுவதும் ஏறிய நீரோ இருபது பங்கு. உப்பே இல்லாத தண்ணீரில் மிதக்கும் பட்டை ஏதேனும் அகப்பட்டால் அது பாலிப்ரொப்பிலீன். இதைவிடக் கண்ணுக்கு விருந்தான சோதனையும் உண்டு. செப்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, பட்டையின் மேல் ஒரு தரம் தொட்டு, மறுபடி சுடரில் காட்டினால், பி.வி.சி. ஆயின் சுடர் பச்சைப் பசேலென்று மாறும். பெய்ல்ஷ்டைன் என்பவர் இந்தச் சோதனையை வெளியிட்டதும் அதே 1872-இல்தான். முற்றத்திலே, காற்றுப்படும் இடத்தில், கடுகளவு துண்டைக் கொண்டு மட்டுமே செய்து பார்க்கவேண்டும். குளோரின் சேர்ந்த புகை நெஞ்சுக்கு ஆகாது.

அந்தப் புகை எங்கள் ஊரில் ஒரு பெரிய காரியத்தையே பாதித்தது. திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியர் ரா. வாசுதேவன், குப்பையில் போகும் பிளாஸ்டிக்கைக் கொண்டு சாலை போடும் முறையை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தார். 2018-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கிய கருங்கல் ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவினால் அவை உருகிக் கல்லின் மேல் மெல்லிய தோலாகப் படிந்துவிடுகின்றன. பிறகு தாரை ஊற்றினால் அது அந்தத் தோலைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. பாலித்தீன் பையும் பாலிப்ரொப்பிலீனும் பாலிஸ்டைரீன் கோப்பையும் அங்கே ஏற்கப்படுகின்றன, பி.வி.சி.க்கு மட்டும் அனுமதி இல்லை, சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும் என்பதனால். ஆகவே தச்சுப் பட்டறையில் மலைபோல் சேரும் பி.வி.சி. சீவல்களுக்கு அந்தச் சாலையில் கதியில்லை. அவற்றைக் குப்பையோடு எரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைவிடப் பாவமான காரியம் இல்லை.

ஜல்லியின் மேல் உருகிய பிளாஸ்டிக் எப்படிப் பற்றுகிறதோ, அப்படியேதான் இயந்திரம் பட்டையை ஒட்டுகிறது. எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற பசை 180, 200 டிகிரியில் உருகிப் பலகையின் விளிம்பில் பூசப்படுகிறது. பட்டை வந்து அழுந்துகிறது. சில விநாடிகளில் குளிர்ந்து இறுகிவிடுகிறது. ரசாயனச் சேர்க்கை ஒன்றும் நடக்கவில்லை. திரவமாக இருந்தபோது நுண்குழிகளுக்குள் ஓடிப் புகுந்ததுதான் பிடிப்பு. எனவே ஓடிப் புகுவதற்கு முன்பே பசை குளிர்ந்துவிட்டால் எல்லாம் வீண்; தலைக்கு மேல் பெரிய மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும் பட்டறைகளில் இந்தத் தோஷம் அடிக்கடி நேரும். கையால் ஒட்டுகிறவர்கள் ரப்பர்ப் பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும் வரையில் காத்திருந்து, பிறகு சேர்த்து அழுத்துகிறார்கள். 1959 முதல் நம் நாட்டுத் தச்சர்களுடைய வலக்கையாக விளங்கும் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை இங்கே உதவாது. அதில் உள்ள நீர் மரத்துக்குள் போய்விடும், ஆனால் பி.வி.சி.யின் வழவழத்த முகத்தில் பசைக்குக் கால் ஊன்ற இடமேது?

இந்தப் பசை விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். மேற்குப் பார்த்த ஜன்னலருகே நான் வைத்திருந்த புத்தக அலமாரியின் கறுத்த தேக்கு நிறப் பட்டை, வாங்கிய இரண்டாம் சித்திரையில் வாழைப்பட்டைபோல் உரிந்து தொங்கியது. பட்டை மட்டம் என்று கோபித்துக்கொண்டேன். பிறகு ஆற அமர உட்கார்ந்து உரிந்த இடத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. உரிந்த பட்டை ஒரு சாட்சி. அதை விசாரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பட்டையோடு மரச் சிராய்களும் பிய்ந்து வந்திருந்தால் பசை தன் கடமையைச் செய்திருக்கிறது, பலகைதான் பலவீனம். பசை முழுவதும் பட்டையிலே தங்கிப் பலகை வெறுமையாக இருந்தால், ஒட்டும் முன் தூசியைத் துடைக்கவில்லை. பசை முழுவதும் பலகையிலே பளபளவென்று கிடந்து பட்டையின் முதுகு துடைத்ததுபோல் இருந்தால், பட்டையின் பின்புறம் ஆலையில் பூச வேண்டிய பிடிப்புப் பூச்சு இல்லை, அல்லது பசை ஆறிய பிறகு பட்டை வந்திருக்கிறது. என் அலமாரியிலோ இரண்டு பக்கமும் பசை இருந்தது. நடுவில் சிலந்தி இழைபோல் நூல் நூலாக இழுபட்டிருந்தது. வெயில் நேராக விழும் கறுத்த விளிம்பு அறுபது டிகிரிக்கு மேல் சூடேறியதில் பசையே இளகியிருக்கிறது; அதே சமயத்தில் பட்டையும் தன் வேலையைக் காட்டியிருக்கிறது. எட்டடி நீளப் பி.வி.சி. பட்டை, முப்பது டிகிரி சூடு கூடினால் ஐந்து மில்லிமீட்டர் நீள முயலும்; மரம் நீளவாக்கில் அசையவே அசையாது. இளகிய பசை இந்த இழுபறியில் யார் பக்கம் நிற்கும்? அலமாரியை ஜன்னலைவிட்டு நகர்த்தினேன். அதற்குப் பின் ஒட்டிய பட்டை இன்றுவரை நிற்கிறது.

இளகாத பசையும் இருக்கிறது. பாலியூரித்தேன் வகைப் பசை முதலில் உருகி ஒட்டிவிட்டு, அதன் பிறகு காற்றிலும் மரத்திலும் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, மீண்டும் உருகாத வலையாக மாறிவிடுகிறது. மரத்துக்குச் சத்துருவான ஐப்பசி ஈரம் இந்தப் பசைக்கு மித்திரன். விலை அதிகம், இயந்திரத்தைத் தினமும் சுத்தம் செய்தாக வேண்டும் என்பதால் சிறு பட்டறைகள் அதை விரும்புவதில்லை. என்றாலும் அடுப்புக்குப் பக்கத்திலும் தொட்டிக்குக் கீழேயும் நிற்கும் பலகைகளுக்காவது அதைக் கேட்டுப் பெறுவது நல்லது.

கனத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அரை மில்லிமீட்டர் பட்டை, கையும் ஈரமும் படாத உள்தட்டுகளுக்கு மட்டுமே ஏற்றது. கதவுகளுக்கும் மேஜை ஓரத்துக்கும் இரண்டு மில்லிமீட்டர் வேண்டும். அதன் முனையை உருட்டிவிடலாம், உருண்ட முனை அடியைப் பரவலாக வாங்கிக்கொள்ளும், கூரிய முனை ஒரே புள்ளியில் வாங்கிச் சிதறும். கண்ணாடிபோல் மின்னும் அக்ரிலிக் பட்டைகள் காட்சிக்கு நன்றாக இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஆறு மாதத்தில் கீறல் விழும். பிளைவுட்டில் கையாலேயே செய்யும் வேலையாக இருந்தால், நவீனர்கள் நகைத்தாலும் நான் தேக்கு பீடிங்கைத்தான் சொல்வேன். அடிபட்டால் இழைப்புளியால் ஒரு சீவு, உப்புத்தாளால் ஒரு தேய், வார்னிஷ் ஒரு கை, புதிதாகிவிடும். பிளாஸ்டிக் பட்டைக்கு அந்த மறுஜன்மம் கிடையாது.

சென்ற ஆண்டு சமையலறைக்குப் புது அலமாரி செய்யக் கொடுத்திருந்தபோது, செல்லூரில் உள்ள பட்டறைக்குப் போய், ஏற்றுவதற்கு முன் அதைத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொன்னேன். முன்விளிம்புகளெல்லாம் கச்சிதமாக இருந்தன. தரையைத் தொடும் கீழ்விளிம்பு மட்டும் ரொட்டித் துண்டுபோல் வெறுமையாக நின்றது.

“ஐயா, அது தரையப் பாத்து நிக்கிற பக்கம். யாரு குனிஞ்சு பாக்கப் போறா?” என்றார் ஆசாரி.

“தினம் ரெண்டு வேளை வீட்டுல ஈரத்துணி போட்டுத் துடைக்கிறோமே, ஆசாரி,” என்றேன்.

அவர் சற்று யோசித்துவிட்டு, கழித்துப் போட்ட பட்டைகளிலிருந்து நிறம் பொருந்தாத ஒன்றை எடுத்து ஒட்டிக் கொடுத்தார். கீழே மறைகிற இடத்துக்கு நிறம் எதற்கு? வீட்டில் வந்து பொருத்தும்போது மற்றொன்று தெரிந்தது. தொட்டியின் கழிவுக் குழாய் போவதற்காகப் பின்பலகையில் வட்டமாக ஒரு துளை அறுத்தார்கள். அந்தத் துளையின் உள்வட்டத்துக்கு எந்தப் பட்டையும் வளைந்து ஒட்டாது, அலமாரி முழுவதிலும் அதிக ஈரம் படப்போகிற இடமும் அதுவே. ஆசாரி மீதமிருந்த வார்னிஷைச் சிறு தூரிகையில் தோய்த்து உள்வட்டத்தில் இரண்டு தரம் பூசினார். முதற்பூச்சைப் பலகை நொடியில் குடித்துவிட்டது. இரண்டாவது பூச்சு மேலே பளபளத்து நின்றது. அது காய்ந்ததும் குழாயைச் செருகி, சுற்றியிருந்த இடைவெளியைச் சிலிக்கான் பசையால் அடைத்துவிட்டு, விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு, காப்பி கேட்டார்.